கைத்தடிக்கும் கண் உண்டு



இந்த மாதம் நம் சுகாதாரப் பகுதியில் ஒரு கைத்தடியைப் பற்றிப் பேசப் போகிறோம். "கைத்தடியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் லயத்திலோ பக்கத்து லயத்திலோ, வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்தே இருக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். கண் தெரியாது. யாராவது கையைப் பிடித்தால்தான் எழுந்து நடப்பார். பிடிக்க ஆள் இல்லாத நாளில் நாற்காலியே அவருக்கு உலகம்.

என் பெரியப்பா அப்படி உட்கார்ந்துவிட்ட ஒருவர். முப்பத்திரண்டு வருடம் கித்தா மரம் வெட்டியவர். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, விடியுமுன் இருட்டில், வேர் தடுக்காமல் மேடு பள்ளம் தெரிந்து நடந்த மனிதர். இனிப்பு நீர் வியாதி அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. "கண்ணு கொஞ்சம் மங்குது, வயசாச்சுல்ல" என்று அவரும் சொன்னார். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். டாக்டரிடம் கூட்டிப்போனபோது காலம் கடந்துவிட்டது. ஒரு கண் முழுதாகப் போயிற்று. இன்னொரு கண்ணில் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம், கோயிலுக்குப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பியவர், லயத்துக் கோடியில் இருக்கும் லோங்காங்கில் விழுந்துவிட்டார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் மனம் முறிந்துவிட்டது. அன்றைக்கு உட்கார்ந்தவர்தான்.

கோலாலம்பூரில் வேலை செய்யும் அவர் மகன் போன தீபாவளிக்கு வந்தபோது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். வெளிநாட்டுக் கைத்தடி. எதிரே ஏதாவது இருந்தால் கையில் அதிருமாம், வழியும் சொல்லுமாம். "அப்பாவுக்கு இத வாங்கிக் குடுத்துடலாம்மா. கடன் போட்டாலும் பரவால்ல" என்றான்.

பெரியம்மா படத்தைப் பார்த்தார். "எல்லாம் சரிதான்யா. லோங்காங் வந்தா சொல்லுமா?" என்று கேட்டார்.

அவனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பெரியம்மா கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வெள்ளைக் கோல் வந்த கதை

புதுத் தடியைப் பற்றிச் சொல்லுமுன் பழைய தடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் தெரியாதவர் கையில் குச்சி வைத்துக்கொள்வது உலகம் தோன்றிய நாள் முதல் உள்ள பழக்கம். ஆனால் அது வெள்ளை நிறமானது நூறு வருடக் கதைதான்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜேம்ஸ் பிக்ஸ் என்றொரு புகைப்படக்காரர் இருந்தார். விபத்து ஒன்றில் பார்வை போயிற்று. அது மோட்டார் வண்டிகள் பெருகிக்கொண்டிருந்த காலம். வண்டியோட்டிகளுக்குத் தான் கண் தெரியாதவன் என்று தெரிய வேண்டுமே என்று, 1921-ஆம் ஆண்டில் தம் கைத்தடிக்கு வெள்ளைச் சாயம் பூசினார். பத்து வருடம் கழித்து, 1931-இல், பாரிஸ் நகரத்தில் கில்லி டெர்ப்மோன் என்ற அம்மையார் பார்வையற்றவர்களுக்கு வெள்ளைக் கோல் வழங்கும் இயக்கத்தைத் தொடங்கினார்.

ஆனால் கவனியுங்கள்: அந்த வெள்ளைக் கோல் மற்றவர்கள் பார்ப்பதற்காக வந்தது. அதை வைத்திருப்பவர் அதனால் எதைத் தெரிந்துகொள்வது என்பதை அப்போது யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை.

இரண்டாம் உலகப் போரில் இளைஞர்கள் பலர் பார்வை இழந்து திரும்பினார்கள். அமெரிக்காவில் வேலி ஃபோர்ஜ் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஹூவர் என்பவர் 1944-இல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். கோல் நீளமாக இருக்க வேண்டும், லேசாக இருக்க வேண்டும், ஊன்றுவதற்கு அல்ல, துழாவுவதற்குப் பயன்பட வேண்டும் என்றார். இன்றைக்கு உலகம் முழுவதும் சொல்லித் தரப்படுவது அவர் போட்ட பாதைதான். அமெரிக்காவில் 1964-இல் அக்டோபர் 15-ஆம் நாளை வெள்ளைக் கோல் தினமாக அறிவித்தார்கள். இப்போது பல நாடுகளில் அது அனுசரிக்கப்படுகிறது.

அந்த முறை என்ன? நிமிர்ந்து நின்றால் கோலின் உயரம் நம் நெஞ்செலும்பு வரை வர வேண்டும். கைப்பிடியை இடுப்புக்கு நேராக, உடம்பின் நடுவில் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை மட்டும் அசைத்து, கோலின் நுனியை இடமும் வலமும் தோள் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக வீச வேண்டும். வலது கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடது பக்கம் தொடும். இடது கால் போகும்போது வலது பக்கம் தொடும். அதாவது, அடுத்த கால் எங்கே வைக்கப் போகிறோமோ அந்த இடத்தைக் கோல் முன்னாலேயே தொட்டுப் பார்த்துவிடுகிறது.

மண்ணா, சிமெண்டா, தண்ணீரா, படியா, பள்ளமா — எல்லாம் நுனி வழியாகக் கைக்கு வந்து சேரும். தட்டும் ஓசையை வைத்தே பக்கத்தில் சுவர் இருக்கிறதா, வெட்டவெளியா என்று பழகியவர் சொல்லிவிடுவார். இதற்கு மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம். மழையில் நனைந்தாலும் கெடாது.

கோலுக்கு எட்டாதது

ஆனால் இந்தக் கோலுக்கு ஒரு குறை உண்டு. அது தரையைத்தான் பார்க்கும். இடுப்புக்கு மேலே நடப்பது அதற்குத் தெரியாது.

நம் லயத்து வாசலையே நினைத்துப் பாருங்கள். துணி காயப்போடும் கம்பி, வெளிப்பக்கம் திறந்து கிடக்கும் சன்னல் கதவு, தாழ்ந்து தொங்கும் மாமரக் கிளை, பின்கதவைத் திறந்துபோட்டு நிற்கும் லோரி. இவற்றுக்கெல்லாம் அடியில் கோல் தாராளமாகப் போய்விடும். பின்னால் வரும் நெற்றிதான் போய் முட்டும். கோலோடு நன்றாக நடக்கப் பழகியவர்கள்கூட முகத்திலும் தலையிலும் அடிபடுவது இதனால்தான். ஒருமுறை பலமாக அடிபட்டவருக்கு மறுபடி வெளியே போகத் துணிச்சல் வராது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் புத்திசாலித் தடி வந்தது.

வௌவால் சொல்லிக் கொடுத்த பாடம்

விடிகாலையில் வேலைக்காட்டுக்குப் போகும்போது தலைக்கு மேலே வௌவால் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். கும்மிருட்டில் ஒரு மரத்திலும் மோதாமல் எப்படிப் பறக்கிறது? இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற அறிஞர் 1790-களில் இதை ஆராய்ந்தார். பார்வை இல்லாமலும் வௌவால் சரியாகப் பறக்கிறது, காதை அடைத்தால்தான் தடுமாறுகிறது என்று கண்டார். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. 1940-ஆம் ஆண்டை ஒட்டித்தான் அமெரிக்காவில் டொனால்ட் கிரிஃபின் என்பவர் அதை நிரூபித்தார். நம் காதுக்குக் கேட்காத கீச்சொலியை வௌவால் எழுப்புகிறது. அது எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலிருந்து தூரத்தை அது அறிந்துகொள்கிறது.

மலையடிவாரத்தில் நின்று கூப்பிட்டால் நம் குரல் நமக்கே திரும்பக் கேட்கிறதல்லவா? அதே விஷயம்தான். ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் ஓடும். 3 மீட்டர் தள்ளி ஒரு கம்பம் இருந்தால், ஒலி போய்த் திரும்ப 6 மீட்டர். ஒரு விநாடியை ஐம்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறுகூட ஆகாது. அந்தச் சின்ன நேரத்தை நம்மால் அளக்க முடியாது. சின்ன மின்கருவி அளந்துவிடும்.

1960-களில் லெஸ்லி கே என்ற ஆய்வாளர், கைவிளக்குப் போலக் கையில் பிடித்துக்கொள்ளும் ஒலிக் கருவி ஒன்றைப் பார்வையற்றோருக்காகச் செய்தார். எதிரே இருப்பதை அது காதுக்குள் ஒலியாகச் சொல்லும். ஆனால் கண் தெரியாதவருக்குக் காதுதான் கண். வண்டிச் சத்தம், ஆள் நடக்கும் சத்தம் எல்லாம் அந்தக் காதில்தான் விழ வேண்டும். அதையும் கருவி பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? ஆகவே பின்னால் வந்த கருவிகள் பலவும் காதை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டன. பொருள் இருப்பதைக் கைப்பிடியில் அதிர்வாகச் சொல்லும். நெருங்க நெருங்க அதிர்வு மாறும்.

டில்லியிலும் துருக்கியிலும்

இந்த வகைத் தடிகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, 'ஸ்மார்ட்கேன்'. டில்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பாலகிருஷ்ணன் தலைமையில் மாணவர்கள் தொடங்கிய முயற்சி. பார்வையற்றோர் சங்கங்களோடு கலந்து, அவர்களையே நடக்கவிட்டுப் பார்த்துத் திருத்தித் திருத்திச் செய்தார்கள். சென்னையில் உள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்து, 2014-இல் வெளிவந்தது. இதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. இது தனித் தடி அல்ல. சாதாரண வெள்ளைக் கோலின் மேல் பகுதியில் மாட்டிக்கொள்ளும் கைப்பிடி. முழங்காலிலிருந்து தலை உயரம் வரை எதிரே உள்ளதை 3 மீட்டர் தூரம்வரை கண்டு சொல்லும். வீட்டுக்குள் நடக்கும்போது தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கைப்பேசியைப் போல மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம். அப்போது இதன் விலை ஏறக்குறைய 3,000 ரூபாய். அன்றைய கணக்கில் நம் வெள்ளியில் இருநூறுக்குள். ஏழை நாட்டு மக்கள் வாங்க வேண்டும் என்று நினைத்துச் செய்த பொருள் அது.

இன்னொன்று, துருக்கி நாட்டில் உருவான 'வீவாக்'. இதை உருவாக்கியவர்களில் ஒருவரான குர்ஷாத் ஜெய்லான் தாமே பார்வை இல்லாதவர். இதுவும் மேலே உள்ள தடைகளை அதிர்வால் சொல்லும். அதோடு கைப்பேசியுடன் இணைந்து வழியும் சொல்லும். ஒரு கையில் கோல், ஒரு கையில் கைப்பேசி என்று இரண்டு கையும் மாட்டிக்கொள்ளாமல், கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கலாம். 2019-இல் 'டைம்' பத்திரிகை அதை அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் விலை பல நூறு அமெரிக்க டாலர். நம் வெள்ளியில் ஆயிரக்கணக்கில் வரும். மகன் காட்டிய படம் இந்த ரகம்தான்.

பெரியம்மா கேள்விக்குப் பதில்

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். லோங்காங் வந்தால் சொல்லுமா?

சொல்லாது! மேலே சொன்ன இரண்டு கருவியும் முன்னாலும் மேலேயும் நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் சொல்லும். முன்னால் இல்லாமல் போன தரையை, அதாவது பள்ளத்தை, லோங்காங்கை, இறங்கும் படியைச் சொல்வது அவற்றின் வேலையல்ல. அதைச் சொல்வது கோலின் நுனிதான். விலை உயர்ந்த தடியானாலும் அதன் அடிப்பக்கம் சாதாரண வெள்ளைக் கோலே. வீசித் தட்டிப் பார்க்கத் தெரியாதவர் கையில் அதைக் கொடுத்தால், தலை தப்பும். கால் பள்ளத்தில்தான் போகும்.

படிக்காத பெரியம்மா ஒரே கேள்வியில் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

வேறு சில இடங்களிலும் இந்தக் கருவி தடுமாறும். திருவிழாக் கூட்டத்தில், பசார் நெரிசலில் எல்லாப் பக்கமும் ஆள் இருப்பதால் விடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். பஞ்சு, கம்பளி போன்ற மென்மையான பொருள் ஒலியை விழுங்கிவிடும். சாய்வாக நிற்கும் வழவழப்பான தகடு ஒலியை வேறு பக்கம் திருப்பிவிடும். நம் ஊர் அடைமழைக்கு எந்த மின்சாமானும் ஒத்துக்கொள்ளாது. பாட்டரி தீர்ந்தால் அதுவும் வெறும் குச்சி. கெட்டுப்போனால் தோட்டத்துப் பக்கத்து டவுனில் பழுது பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

அப்படியானால் வேண்டாம் என்கிறேனா? இல்லை. வரிசை முக்கியம் என்கிறேன். முதலில் கண் பரிசோதனை. இரண்டாவது வெள்ளைக் கோலும் பயிற்சியும். மூன்றாவதுதான் புத்திசாலிக் கைப்பிடி.

முதலில் கண்ணைக் காட்டுங்கள்

தடி வாங்குமுன் ஒரு கேள்வி: போன பார்வை உண்மையிலேயே திரும்பாதா?

2014-இல் நம் நாட்டில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் தேசியக் கண் ஆய்வு நடந்தது. நூற்றுக்கு ஒருவருக்கு மேல், அதாவது 1.2 விழுக்காட்டினர் பார்வை இழந்திருந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? அதில் 58.6 விழுக்காடு கண்புரை. 10.4 விழுக்காடு இனிப்பு நீரால் வந்த விழித்திரைக் கேடு. 6.6 விழுக்காடு கண் நீரழுத்த நோய்.

கண்புரை என்பது கண்ணின் வில்லை பால்போல் வெளுத்துப்போவது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுப் புது வில்லை வைத்தால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்பும். கண் தெரியாமல் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் தேவைப்பட்டது தடி அல்ல, ஓர் அறுவைச் சிகிச்சை! "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி எத்தனை தாத்தா பாட்டிகளை நாம் இருட்டிலே உட்கார வைத்திருக்கிறோம்?

இனிப்பு நீர் உள்ளவர்கள் பார்வை நன்றாகத் தெரியும்போதே ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைக் காட்ட வேண்டும். விழித்திரையில் கேடு தொடங்கும்போது வலி இருக்காது, மங்கலும் இருக்காது. தெரிய ஆரம்பிக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழி எங்கள் பெரியப்பாவுக்கு அப்படியே பலித்தது. உங்கள் வீட்டில் பலிக்க விடாதீர்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செம்பனைக் குலை வெட்டும்போது மட்டைத் தூளும் பூத்தூளும் நேரே கண்ணில் விழும். மருந்து அடிக்கும்போது ஒரு சொட்டுத் தெறித்தால் போதும். பாலில் கலக்கும் அமோனியாவும் ஆசிட்டும் விழித்தோலைப் பொசுக்கிவிடும். கண்ணாடி போடுங்கள். கொடுக்கவில்லையென்றால் கேளுங்கள். ரசாயனம் தெறித்தால் உடனே, அந்த இடத்திலேயே, சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டுப் பிறகு கிளினிக்குக்குப் போங்கள். தாய்ப்பால் விடுவது, தழைச்சாறு பிழிவது, துணியால் தேய்ப்பது எதுவும் வேண்டாம்.

வேலையில் கண்ணில் அடிபட்டால் மண்டோரிடமும் அலுவலகத்திலும் அன்றைக்கே சொல்லிப் பதிவு செய்யுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள்.

பயிற்சி எங்கே?

வெள்ளைக் கோலை வாங்கிக் கையில் கொடுத்தால் போதாது. சைக்கிள் பழகுவது போல அதைப் பழக வேண்டும். 1951-இல் தொடங்கி, இப்போது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கமும், பினாங்கில் உள்ள செயின்ட் நிக்கலஸ் இல்லமும் பார்வை இழந்தவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளித்துவரும் இடங்கள். கோலோடு நடக்கவும் அங்கே கற்றுத் தருகிறார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் நடைபாதையில் மேடு மேடாகக் கோடும் புள்ளியும் போட்ட மஞ்சள் கற்களைப் பார்க்கலாம். அழகுக்குப் போட்டதல்ல. ஜப்பானில் செய்ச்சி மியாக்கே என்பவர் கண்டுபிடித்து, 1967-இல் ஒக்காயாமா நகரில் முதன்முதலில் பதித்த வழிகாட்டிக் கற்கள். நீளக்கோடு என்றால் நேரே போ. புள்ளி என்றால் நில், கவனி. அதன் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துவது ஒருவர் கண்ணைப் பொத்துவதற்குச் சமம்.

சமூக நல இலாகாவில் ஓ.கே.யூ. அட்டைக்குப் பதிந்துகொள்ளுங்கள். டாக்டரின் சான்று வேண்டும். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தந்த உரிமை அது. யாரும் போடும் பிச்சை அல்ல. உதவிக் கருவி வாங்க வசதியில்லாதவர்கள் அந்த இலாகாவிடம் உதவிக்கு மனுச் செய்யலாம். கடன் போடுமுன் இந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள்.

கையில் இருக்கும் கைப்பேசியையும் மறக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'டாக்பேக்' என்ற வசதியைத் திறந்துவிட்டால் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும். தமிழ்க் குரலும் உண்டு. டென்மார்க்கில் 2015-இல் தொடங்கிய 'பி மை ஐஸ்' என்ற இலவசச் சேவையில், பார்வை உள்ள ஒரு தொண்டர் உங்கள் கைப்பேசியின் கேமரா வழியாகப் பார்த்து எதிரே இருப்பதைச் சொல்வார். மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதைத் தெரிந்துகொள்ள இது நல்ல உதவி. சடக்கைத் தாண்டுவதற்கு மட்டும் இதை நம்பாதீர்கள்.

லயத்தில் நாம் செய்ய வேண்டியது

காசு செலவில்லாமல் நாமே செய்யக்கூடியவை சில.

1. கதவை முழுதாகத் திறந்து வையுங்கள், அல்லது முழுதாகச் சாத்துங்கள். அரைக் கதவுதான் முகத்தில் அடிக்கும்.

2. அவர் நடக்கும் வழியில் வாளி, சைக்கிள், நாற்காலி எதையும் போடாதீர்கள். போட்டால் சொல்லிவிடுங்கள்.

3. துணிக் கம்பியை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள்.

4. லோங்காங்கைத் தாண்டும் இடத்தில் அகலமான பலகையும் பிடித்துக்கொள்ளக் கம்பும் போடுங்கள். கொஞ்சம் பார்வை உள்ளவருக்காகப் படியின் விளிம்பில் வெள்ளையோ மஞ்சளோ சாயம் பூசுங்கள்.

5. வழிகாட்டும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேலே அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அரை அடி முன்னால் நடங்கள். உங்கள் உடம்பு ஏறினால் படி, இறங்கினால் பள்ளம் என்று அவரே தெரிந்துகொள்வார். கோலை மட்டும் நீங்கள் பிடிக்காதீர்கள்.

6. பேசப் போகும்போது பெயரைச் சொல்லுங்கள். "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்ற விளையாட்டு வேண்டாம். விட்டுப் போகும்போதும் போகிறேன் என்று சொல்லுங்கள். ஆள் போனது தெரியாமல் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதைவிட வேதனை வேறில்லை.

பெரியப்பா எழுந்தார்

மகன் கடன் போடவில்லை. ஒரு வெள்ளைக் கோல் வாங்கினான். லீவு எடுத்துக்கொண்டு அப்பாவைப் பயிற்சிக்கும் அழைத்துப்போனான். முதலில் பெரியப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "வெள்ளக் குச்சிய எடுத்துக்கிட்டுப் போனா, பிச்சைக்காரன்னு நெனைப்பாங்கடா. இத்தன வருசம் ஒழச்சுச் சாப்பிட்டவன்டா நான்" என்று கண் கலங்கினார். கண்ணில் பார்வை போனாலும் கண்ணீர் போவதில்லை.

அப்போது பேத்திதான் சொன்னாள். "தாத்தா, மரம் வெட்டப் போறப்போ தலையில விளக்குக் கட்டிக்கிட்டுப் போனீங்கள்ல? அத யாராச்சும் பிச்சைன்னு சொன்னாங்களா? இதுவும் விளக்குத்தான்." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கோலை வாங்கிக்கொண்டார்.

பழக வாரக்கணக்கில் ஆயிற்று. முதலில் வீட்டு வாசல். பிறகு லயத்துக் கோடி. பிறகு அந்த லோங்காங். அந்த இடத்துக்கு வந்ததும் நின்றார். நுனியால் விளிம்பைத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். "இவன்தான்யா அன்னிக்கு என்னய முழுங்குனவன்" என்று சொல்லிவிட்டுப் பலகை இருக்கும் இடத்தைத் துழாவிக் கண்டுபிடித்துத் தாண்டினார். பின்னால் வந்த பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பயிற்சிக்குப் போன இடத்தில் ஒருநாள், அதிரும் கைப்பிடி ஒன்றையும் அவர் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். திறந்திருந்த கதவுக்கு முன்னால் அது அதிர்ந்தது, நின்றுவிட்டார். கையை நீட்டித் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். வெளியே வந்ததும் அவர் சொன்னது இது: "குச்சி கீழ பாக்குது, அது மேல பாக்குது. ரெண்டும் இருந்தா நல்லதுதான். ஆனா கீழ பாக்கத் தெரியாதவனுக்கு மேல பாக்குறது எதுக்கு?"

அந்தக் கைப்பிடிக்கு இப்போது குடும்பத்தில் எல்லோருமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிக்கிறோம். வந்தால் நல்லது. வராவிட்டாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா கோயிலுக்குத் தனியாகவே போகிறார்.

தோழர்களே, உங்கள் லயத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். கண்ணைக் கடைசியாக எப்போது டாக்டரிடம் காட்டினார் என்று கேளுங்கள். ஓ.கே.யூ. அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். மனுவை எழுத உதவுவார். வாழ்நாளெல்லாம் நடந்தே உழைத்த கால்கள் அவை. இன்னும் நடக்கட்டும்.